குஞ்சு இறகை வைத்து ஆண், பெண் கண்டுபிடிப்பது: எதை நம்பலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பெரிய கூண்டில் காக்டெய்ல் என்ற கொண்டைக் கிளி, ஜீப்ரா ஃபின்ச், கோல்டியன் ஃபின்ச் என்ற சின்னக் குருவிகள், பட்ஜி எல்லாம் வளர்க்கிறீர்கள். இந்த முறை சாம்பல் நிற காக்டெய்ல் ஜோடி நாலு குஞ்சு பொரித்திருக்கிறது. மூன்று சாம்பல், ஒன்று சிவப்புக் கண்ணோடு லூட்டினோ, அதாவது கருநிறமி இல்லாத வெள்ளை, மஞ்சள் பறவை. குஞ்சுகளுக்கு மூன்று மாதம். நாலுக்கும் வாலின் அடியில் கோடு இருப்பதால் நாலும் பெண் என்று ஒருவர் சொல்லிவிட்டார். அது சரியா, மற்ற குஞ்சுகளையும் இறகை வைத்தே பிரித்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

நாலும் பெண் என்று இப்போது சொல்லவே முடியாது. ஆனால் அந்த நாலில் ஒன்றை மட்டும் இன்றைக்கே உறுதியாகச் சொல்லலாம். அது எது என்பதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

குஞ்சுகளைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபடும் பறவைகளில் பெரும்பாலானவற்றின் குஞ்சுகள், ஆணோ பெண்ணோ, தாயின் சாயலில்தான் கூட்டை விட்டு வரும். கூட்டை விட்டு வந்த புதிதில் சரியாகப் பறக்கத் தெரியாது, ஒளியத் தெரியாது. அந்த நேரத்தில் பளிச்சென்று இருந்தால் ஆபத்து. அதனால் மங்கலான உடை. இதிலிருந்து கிடைக்கும் விதி ஒருபக்கம் சாய்ந்த விதி: குஞ்சிடம் ஆணின் அடையாளம் தெரிந்தால் அதை நம்பலாம். பெண்ணின் அடையாளம் தெரிந்தால், அது பெண்ணாகவும் இருக்கலாம், இன்னும் உடை மாற்றாத ஆணாகவும் இருக்கலாம். "பெண் மாதிரி இருக்கிறது" என்பதும் "பெண்" என்பதும் ஒன்றல்ல. நான் பார்த்த தவறான ஜோடிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தவைதான்.

அடுத்தது, இறகு என்பது வளர்ந்து முடிந்தபின் உயிரில்லாத பொருள், நம் நகத்தைப் போல. வெயிலில் வெளிறும், ஓரம் தேயும், அவ்வளவுதான். பறவை வயதுக்கு வந்துவிட்டதால் ஏற்கெனவே இருக்கும் இறகில் புதுக் கோலம் வந்துவிடாது. அது உதிர்ந்து, அந்த இடத்தில் புது இறகு முளைக்க வேண்டும். ஆகவே பறவையின் வயதைக் கேட்பதைவிட, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இறகின் வயதைக் கேட்பதுதான் சரியான கேள்வி. எட்டு மாதப் பறவையிடம்கூட வால் இறகு இரண்டு குஞ்சுப் பருவத்து இறகாகவே மிச்சம் இருக்கலாம். அதைப் பார்த்துப் பெண் என்று சொன்னால் தப்பாகிவிடும்.

பழைய இறகையும் புது இறகையும் எப்படிப் பிரிப்பது? குஞ்சுப் பருவத்து இறகு அவசரத்தில் வளர்ந்தது. மென்மையாக, சற்றுத் தளர்வாக இருக்கும், பளபளப்பு குறைவு, நுனி சீக்கிரம் தேய்ந்துவிடும். புதிதாக முளைத்தது பக்கத்தில் இருப்பதைவிட அடர்த்தியாக, ஓரம் சுத்தமாக, நிறம் ஆழமாகத் தெரியும். மெல்லிய வெள்ளை உறைக்குள் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும் குருத்திறகுகள் தலையிலும் கழுத்திலும் தெரிந்தால் இறகு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் அவசரப்பட்டு முடிவு எடுக்காமல், புது இறகில் மட்டும் கண்ணை வைத்தால் போதும்.

சரி, காக்டெய்லுக்கு வருவோம். சாதாரண சாம்பல் நிறத்தில் வளர்ந்த ஆணுக்கு முகம் பளிச்சென்ற மஞ்சள், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம் எடுப்பாக இருக்கும், வாலின் அடிப்பக்கம் ஒரே கருஞ்சாம்பல். பெண்ணுக்கு முகம் சாம்பலோடு கலந்த மங்கல் மஞ்சள். வாலின் அடியில் மஞ்சளும் சாம்பலும் மாறி மாறி குறுக்குக் கோடுகள். இறக்கையை விரித்து அடியில் பார்த்தால் பறக்கும் இறகுகளில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் வரிசையாக இருக்கும். குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கோடும் உண்டு, புள்ளியும் உண்டு. உங்களுக்குச் சொன்னவர் பார்த்தது உண்மைதான். ஆனால் மூன்று மாதத்தில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

முதல் இறகு மாற்றம் பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்தில் தொடங்கும்; முடிய 9 மாதம், சிலவற்றுக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஆண் குஞ்சிடம் முதலில் மாறுவது முகம். அலகைச் சுற்றியும் கண்ணுக்கு முன்னாலும் ஒன்றிரண்டு பளிச்சென்ற மஞ்சள் இறகுகள், சாம்பலுக்கு நடுவே சிதறித் தெரியும். பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு வாலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வால் இறகு மாறுவதற்கு நாளாகும். ஒரே நேரத்தில் எல்லாம் உதிராது. அதனால் முகத்தை வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். நினைவை வைத்து ஒப்பிட்டால் மனம் நாம் விரும்பியதைத்தான் காட்டும். போன மாதப் படத்தோடு வைத்துப் பார்த்தால் ஏமாற வழியில்லை.

இன்னொரு துணைச் சான்று குரல். ஆண் குஞ்சு மூன்று, நாலு மாதத்திலேயே நீளமாக விசில் அடிக்கப் பழகும். தோளைச் சற்று விரித்து நடைபோடும். பானையையோ கட்டையையோ அலகால் தட்டும். பெண் பொதுவாக ஒற்றைக் குரல்தான். ஆனால் விசில் அடிக்கும் பெண்களும் உண்டு, வாயே திறக்காத ஆண்களும் உண்டு. இறகோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம், தனியாக நம்ப வேண்டாம்.

மியூட்டேஷன், அதாவது மரபணு மாற்றத்தால் வந்த நிறங்களில் கதை மாறும். பேர்ல் வகையில் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் முதுகில் முத்து முத்தாகக் கோலம் இருக்கும். ஆண் இறகு மாற்றிய பின் கருநிறமி கூடுவதால் அந்த முத்துக்கள் மறைந்து சாதாரண சாம்பல் போல ஆகிவிடும். பெண்ணிடம் அப்படியே நிற்கும். அழகான முத்துப் பறவை என்று ஆசையாக வாங்கியவர் ஆறு மாதம் கழித்து நோய் வந்துவிட்டதோ என்று பதறுவதைப் பார்த்திருக்கிறேன். நோய் இல்லை, அது ஆண். ஒரு சில முத்துக்கள் மிச்சம் நிற்கும் ஆணும் உண்டு என்பதால், முழுசாக மறைந்தால்தான் ஆண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வைட்ஃபேஸ் வகையில் மஞ்சளே கிடையாது. ஆணின் முகம் வெள்ளையாக மாறும், பெண்ணுக்குச் சாம்பலாகவே இருக்கும். பைடு வகையில்தான் சிரமம் அதிகம். கோடும் புள்ளியும் இருக்க வேண்டிய இடத்திலேயே நிறமற்ற திட்டுகள் வந்து விழுவதால், வளர்ந்த பைடு பறவையைக்கூட இறகை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

லூட்டினோவுக்குக் கோடு இல்லை என்று நினைப்பது தவறு. கருநிறமி இல்லாததால் சாம்பல் பாகம் வெள்ளையாகிவிடும், மஞ்சள் பாகம் மஞ்சளாகவே இருக்கும். வெள்ளை மேல் மஞ்சள் கோடு என்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வால் இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். இதுவும் இறகு மாற்றம் முடிந்த பறவைக்குத்தான் பயன்படும்.

இனிமேல் சொல்வதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். பறவைகளில் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம் நமக்கு நேர்மாறானது. ஆணுக்கு இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. சில மியூட்டேஷன்கள் இந்த இசட் குரோமோசோமில்தான் உட்கார்ந்திருக்கின்றன. காக்டெய்லில் லூட்டினோ, பேர்ல், சின்னமன் (சாம்பலுக்குப் பதில் பழுப்புச் சாயல்) மூன்றும் அப்படி. பட்ஜியில் லூட்டினோ, அல்பினோ, ஓப்பலைன், சின்னமன். ஜீப்ரா ஃபின்ச்சில் பழுப்பு நிறம். பெண்ணுக்கு இசட் ஒன்றுதான் என்பதால் அதில் மியூட்டேஷன் இருந்தால் வெளியே தெரிந்தே தீரும், மறைக்க இடமில்லை. ஆணுக்கு இரண்டிலும் இருந்தால்தான் தெரியும். ஒன்றில் மட்டும் இருந்தால் சாதாரண நிறத்திலேயே இருக்கும், உள்ளே சுமந்துகொண்டிருக்கும். அதைத்தான் ஸ்பிளிட் என்கிறோம்.

மகளுக்கு இசட் தந்தையிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஆகவே மகனிடம் இந்த நிறம் வெளியே தெரிய வேண்டுமானால் தாயிடமும் அது இருந்தாக வேண்டும். இதைத் திருப்பிச் சொன்னால் கூட்டுப் பெட்டிக்குள்ளேயே பயன்படும் விதி கிடைக்கும்: இசட் வழி வரும் ஒரு நிறம் தாயிடம் இல்லாமல் குஞ்சிடம் தெரிந்தால், அந்தக் குஞ்சு பெண். இறகு மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டாம். லூட்டினோவாக இருந்தால் இறகு முளைக்கவே வேண்டாம். பொரித்த அன்றே மூடிய இமைக்கு உள்ளே கண் கருமையாகத் தெரியாமல் இளஞ்சிவப்பாகத் தெரியும். சின்னமன் குஞ்சுக்கும் முதல் சில நாட்கள் கண் சிவந்த சாயலில் இருந்து பிறகு கருத்துவிடும், அதனால் அதை ஆரம்பத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேண்டுமென்றே இப்படி ஜோடி சேர்ப்பவர்கள் உண்டு. லூட்டினோ ஆணைச் சாம்பல் பெண்ணோடு சேர்த்தால், மகள்கள் எல்லாம் லூட்டினோ, மகன்கள் எல்லாம் சாம்பல். நிறத்தைப் பார்த்தாலே போதும். அதையே திருப்பி லூட்டினோ பெண்ணை, ஸ்பிளிட் இல்லாத சாம்பல் ஆணோடு சேர்த்தால் குஞ்சு எல்லாமே சாம்பல். ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கோல்டியன் ஃபின்ச்சில் தலை நிறத்துக்கும் இதே கணக்குதான். அதில் கருந்தலை இசட் வழி மறைந்து வருவது, செந்தலை அதை அமுக்குவது. கருந்தலை ஆண், செந்தலைப் பெண் என்று சேர்த்தால் மகன்களுக்குச் செந்தலை, மகள்களுக்குக் கருந்தலை. எல்லா நிறத்துக்கும் இதைப் போட்டுவிடக் கூடாது. காக்டெய்லில் பைடும் வைட்ஃபேஸும் இசட் வழி வருபவை அல்ல. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸில் பீச்ஃபேஸ் வகைக்கு லூட்டினோ இசட் வழி. ஃபிஷர், மாஸ்க்டு போன்ற வெள்ளைக் கண்வளைய வகைகளுக்கு அப்படி இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் கணக்கும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜீப்ரா ஃபின்ச் இந்த விஷயத்தில் நல்ல பறவை. சீக்கிரம் சொல்லிவிடும். குஞ்சுகள் எல்லாம் தாயைப் போலச் சாம்பல் பழுப்பு, அலகு மட்டும் கறுப்பு. ஏறக்குறைய 5 வாரத்தில் ஆணிடம் மார்பில் கறுப்புக் கீற்று, கன்னத்தில் செம்பழுப்பு, விலாவில் வெள்ளைப் புள்ளியுள்ள செம்பழுப்பு ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். இரண்டு மாதத்தில் பெரும்பாலும் தெளிவாகிவிடும், மூன்று மாதத்தில் உடை முழுசாகும். அலகும் கறுப்பிலிருந்து மாறி ஆணுக்கு ஆழ்ந்த சிவப்பாகவும் பெண்ணுக்கு ஆரஞ்சாகவும் வரும். முழு வெள்ளை ஜீப்ராவில் அலகின் நிறம் ஒன்றுதான் துணை. இங்கே அவசரம் ஒன்று உண்டு: இவை மூன்று மாதத்துக்குள்ளேயே முட்டையிடத் தயாராகிவிடும். கன்னத்தில் முதல் செம்பழுப்பு இறகு தெரிந்த அன்றே ஆண்களை வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அண்ணன் தங்கை ஜோடி சேர்ந்துவிடும், பெண்ணும் உடல் தேறும் முன்பே முட்டையிட்டு நலிந்துபோகும்.

ஜீப்ரா ஃபின்ச் பற்றி ஒரு செய்தி எனக்கு எப்போதும் வியப்பு. வலப்பக்கம் ஆணின் உடை, இடப்பக்கம் பெண்ணின் உடை என்று நடுவில் கோடு போட்டது போல இருந்த ஒரு ஜீப்ரா ஃபின்ச்சை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். உடம்பு முழுக்க ஓடும் ரத்தம் ஒன்றுதான், ஹார்மோனும் ஒன்றுதான். அப்படியும் இரண்டு பக்கமும் வேறு வேறு உடை என்றால், இந்த இனத்தில் இறகு வளரும் இடத்து உயிரணுவுக்கே தான் ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்கிறது. கோழி, வாத்து, ஃபெசன்ட் இனங்களில் நிலைமை வேறு. அங்கே பெண்ணின் மங்கல் உடைக்குக் காரணம் சூலகத்திலிருந்து வரும் ஹார்மோன். வயதாகியோ நோயாலோ சூலகம் செயலிழந்த பெட்டை ஃபெசன்ட், அடுத்த இறகு மாற்றத்தில் ஆணைப் போல உடுத்திக்கொள்ளும். ஆண் அடையாளத்தை நம்பலாம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இளம் பறவைக்குச் சொன்னது. வயதான பெட்டைக்கு அது பொருந்தாது.

கோல்டியனுக்குப் பொறுமை வேண்டும். கூட்டை விட்டு வரும் குஞ்சு முதுகில் மங்கிய ஆலிவ் பச்சை, தலை சாம்பல், வயிறு வெளிர் நிறம். இதிலிருந்தா அந்த ஏழு வண்ணம் வரப்போகிறது என்று தோன்றும். 6 முதல் 8 வாரத்தில் இறகு மாற்றம் தொடங்கினாலும் முடிய மாதக்கணக்கில் ஆகும். முகத்தைவிட மார்பைப் பாருங்கள். முதலில் வரும் ஊதா இறகு ஆழ்ந்த, பளபளப்பான ஊதாவாக இருந்தால் ஆண். வெளுத்த இளம் ஊதாவாக இருந்தால் பெண். ஒரு குஞ்சைத் தனியாகப் பார்த்தால் எது ஆழம், எது வெளுப்பு என்று குழம்பும், ஒரே ஈட்டுக் குஞ்சுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். வெள்ளை மார்பு வகையில் இந்த வழி அடைபட்டுவிடும். தலை நிறத்தின் அழுத்தம், பிறகு பாட்டு என்றுதான் போக வேண்டும். குளிர், இடமாற்றம், சத்துக்குறைவு ஏதாவது வந்தால் கோல்டியன் குஞ்சின் இறகு மாற்றம் பாதியில் நின்றுவிடும். பாதி பச்சை, பாதி வண்ணமாக மாதக்கணக்கில் நிற்கும் குஞ்சைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பதும் அதற்கு நல்லதல்ல.

பட்ஜி, அதாவது நம்மில் பலர் லவ் பேர்ட்ஸ் என்றே சொல்லும் சின்னக் கிளி, இறகால் பாலினத்தைக் காட்டாது. இறகு காட்டுவது வயதை மட்டும்தான்: குஞ்சுக்கு நெற்றியில் அலகுவரை வரிவரியாகக் கோடு இருக்கும், 3, 4 மாதத்தில் அது உதிர்ந்து நெற்றி வெறுமையாகும். பாலினத்துக்கு அலகுக்கு மேலே நாசித் துளைகள் இருக்கும் மூக்குச் சதையைப் பார்க்க வேண்டும். ஆண் குஞ்சுக்கு அது சீரான இளஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த இளஞ்சிவப்பு. பெண் குஞ்சுக்கு வெளிறிய நிறம், முக்கியமாக நாசித் துளைகளைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை வளையம். நான் மேலே சொன்ன ஒருபக்க விதிக்கு இது விலக்கு. இங்கே பெண்ணுக்கே தனி அடையாளம் இருக்கிறது. வளர்ந்தபின் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. லூட்டினோ, அல்பினோ, ரிசஸிவ் பைடு ஆண்களுக்கு மட்டும் நீலம் வராமல் கடைசிவரை இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். இவற்றை வயதாகாத குஞ்சு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

கூட்டுப் பெட்டியிலேயே ரகசியத்தை உடைத்துவிடும் பறவைகளும் உண்டு. எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. குருத்திறகு வெடிக்கும்போதே தெரிந்துவிடும். இரண்டும் அவ்வளவு வேறாக இருந்ததால் 19ஆம் நூற்றாண்டில் பறவை ஆய்வாளர்கள் அவற்றைத் தனித்தனி இனம் என்றே எழுதி வைத்திருந்தார்கள். ரெட் ரம்ப் கிளியில் ஆண் குஞ்சுக்குக் கூட்டிலேயே இடுப்புக்கு மேல் சிவப்பு வந்துவிடும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸில் மடகாஸ்கர் வகை ஆண் குஞ்சு சாம்பல் தலையோடுதான் வெளியே வரும். அபிசீனியன் வகையில் நெற்றிச் சிவப்பு வர மாதங்கள் ஆகும், ஆனால் இறக்கையைத் தூக்கி அடியில் பார்த்தால் ஆண் குஞ்சுக்கு அந்தச் சிறு இறகுகள் கறுப்பாக இருக்கும். இப்படிப் பட்டவர்த்தனமாக இல்லாமல் மறைவில் இருக்கும் அடையாளம்தான் எனக்குப் பிடித்தது. ஜப்பானியக் காடையில் 3 வாரத்தில் ஆணின் மார்பு புள்ளியில்லாத செம்பழுப்பு, பெண்ணின் மார்பு வெளிர் நிறத்தில் கரும்புள்ளி. டைமண்ட் டவ் என்ற சிறு புறாவில் இறகைவிடக் கண்ணைச் சுற்றியுள்ள சிவப்பு வளையம் நம்பகமானது. ஆணுக்கு அகலம், பெண்ணுக்கு மெல்லிசு. குஞ்சுக்கு அந்த வளையமே இருக்காது.

நேர்மாறாக, வருடக்கணக்கில் காக்க வைப்பவை கழுத்து வளையக் கிளிகள். ஆணுக்கு வளையம் வர ஒன்றரை வருடம் முதல் மூன்று வருடம்வரை ஆகும். அதுவரை வளையம் இல்லாத பறவையைப் பெண் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. தலை தட்டையா உருண்டையா, வால் நீளமா குட்டையா என்று சொல்வதெல்லாம் ஊகம். அல்பினோ ஆணுக்கு மூன்று வருடம் கழித்தும் வளையம் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் வளையத்தின் கறுப்பும் சிவப்பும் இரண்டுமே அதன் உடலில் இல்லை. செந்தலைக் கிளி இன்னும் ஏமாற்றும். குஞ்சுக்குப் பச்சைத் தலை, அப்புறம் பெண்ணைப் போலச் சாம்பல் தலை, அதற்கும் பிறகுதான் ஆணுக்குச் செந்தலை. நடுவில் இருக்கும் சாம்பல் தலையைப் பார்த்து "வளர்ந்த பெண்" என்று முடிவு கட்டினால், அடுத்த வருடம் அது சிவந்து நிற்கும்.

ஜாவா குருவி, பெங்காலி ஃபின்ச், பெரும்பாலான ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வகைகள் ஆகியவற்றில் இறகைப் பார்த்து நேரம் செலவழிக்க வேண்டாம். ஃபின்ச்சுகளில் பாடுவது ஆண். பாடும் குஞ்சின் காலில் உடனே வளையம் போட்டுக் குறித்துவிடலாம். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது பறவைகளுக்கும் ஒன்றாகத் தெரிகிறது என்று சொல்ல முடியாது. அவற்றுக்குப் புற ஊதா ஒளியும் தெரியும். நமக்கு ஒரே மாதிரித் தெரியும் நீலச் சிட்டு இனத்தில் ஆணின் உச்சந்தலை புற ஊதாவில் அதிகம் பளிச்சிடுகிறது என்று 1998இல் காட்டியிருக்கிறார்கள். நமக்கு அந்தக் கண் இல்லாததால் டிஎன்ஏ சோதனை. இசட்டிலும் டபிள்யூவிலும் சற்று வேறுபட்டு இருக்கும் ஒரே மரபணுவை எடுத்து ஒப்பிடுவார்கள். பெண்ணிடம் இரண்டு வடிவம், ஆணிடம் ஒன்று. மார்பிலிருந்து புதிதாகப் பிடுங்கிய மூன்று, நாலு சிறு இறகு போதும். தரையில் விழுந்து கிடப்பதை அனுப்பாதீர்கள். அடிக்காம்பில் உயிரணு ஒட்டியிருக்க வேண்டும், அது எந்தப் பறவையுடையது என்ற சந்தேகமும் இருக்கக் கூடாது. இடுப்பெலும்பு இடைவெளியை விரலால் தடவிப் பார்க்கும் முறை முட்டையிடும் நிலையில் உள்ள பெண்ணுக்குத்தான் ஓரளவு உதவும், குஞ்சுக்கு அறவே உதவாது.

இறகு மாற்றத்துக்குக் காத்திருக்க முடியாதவர்கள் செய்யும் பழைய உத்தி ஒன்று உண்டு. ஆணின் நிறம் வர வேண்டிய இடத்தில் ஒன்றிரண்டு சிறு இறகைப் பிடுங்கிவிட்டால், சில வாரங்களில் அங்கே முளைக்கும் புது இறகு வளர்ந்த பறவையின் கோலத்தில் வரும். இறகு தான் முளைக்கும் நேரத்து உடல்நிலையைக் காட்டும் என்பதால் இது வேலை செய்கிறது. அதே காரணத்தால், மிகச் சின்னக் குஞ்சிடம் செய்தால் மறுபடியும் குஞ்சு இறகே முளைக்கலாம். அதைப் பெண் என்று படிக்கக் கூடாது. இங்கும் அதே ஒருபக்க விதிதான். நான் இதைச் செய்வது அபூர்வம். பறக்கும் இறகையும், அடியில் ரத்தம் ஓடும் குருத்தையும் ஒருபோதும் தொடக் கூடாது. குருத்து முறிந்தால் சின்னப் பறவைக்கு அந்த ரத்த இழப்பே பெரிது. காக்டெய்லுக்கு முகத்தில் தானாக வரும் மஞ்சளே சீக்கிரம் காட்டிவிடும் என்பதால் உங்களுக்கு இது தேவையில்லை.

பிடித்துப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது; மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு விட முடியும். மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், வாய் திறந்திருந்தாலும் மூச்சு திணறும். முதுகை உள்ளங்கையில் வைத்து, கழுத்தின் இரு பக்கமும் விரல் தளர்வாக வரும்படி பிடியுங்கள். இறக்கையை நுனியைப் பிடித்து இழுக்காமல் தோளுக்கு அருகிலிருந்து விரியுங்கள். மாலையில் வெளிச்சம் மங்கிய பிறகு பிடித்தால் துரத்தல் இருக்காது. பார்க்க வேண்டிய வாலையும் இறக்கையையும் இரண்டு படம் எடுத்துவிட்டு உடனே விட்டுவிடுங்கள், நிதானமாகப் படத்தில் பார்க்கலாம்.

இப்போது உங்கள் நாலு குஞ்சு. தாய் சாம்பல், தந்தை சாம்பல், ஒரு குஞ்சு சிவப்புக் கண் லூட்டினோ. தாயிடம் இல்லாத, இசட் வழி வரும் நிறம் குஞ்சிடம் வந்திருக்கிறது. அந்த லூட்டினோ பெண். வாலைப் பார்க்கவே வேண்டாம். கூண்டில் வேறு ஆண்கள் இருந்தாலும் இந்த முடிவு மாறாது, ஏனென்றால் இது தாயை வைத்துச் சொல்வது. அந்தப் பெட்டியில் வேறு பெண் எதுவும் முட்டையிடவில்லை என்பது மட்டும் நிச்சயமாக இருக்க வேண்டும். உங்கள் சாம்பல் ஆணே தந்தை என்றால் அது லூட்டினோவுக்கு ஸ்பிளிட் என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது, அதைக் குறித்து வையுங்கள்.

மூன்று சாம்பல் குஞ்சுகளுக்கும் கணக்கு கொஞ்சம் பேசுகிறது. இந்த ஜோடிக்கு நாலு விதமான குஞ்சுகள் சம வாய்ப்பில் வரும்: ஸ்பிளிட் சாம்பல் மகன், ஸ்பிளிட் இல்லாத சாம்பல் மகன், லூட்டினோ மகள், சாம்பல் மகள். லூட்டினோவை எடுத்துவிட்டால் மிச்சம் மூன்று விதத்தில் இரண்டு ஆண். அதாவது ஒவ்வொரு சாம்பல் குஞ்சும் ஆணாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. "நாலும் பெண்" என்று கேட்டு வந்தீர்கள். மூன்றும் ஆணாக இருப்பதற்கான வாய்ப்பு, மூன்றும் பெண்ணாக இருப்பதைவிட எட்டு மடங்கு அதிகம்.

மூன்றுக்கும் வேறு வேறு நிறத்தில் கால் வளையம் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து முகத்தைப் படம் எடுத்துக்கொண்டே வாருங்கள். கண்ணுக்கு முன்னால் மஞ்சள் தெரிந்ததைத் தனியே மாற்றுங்கள். ஒரு வருடம் ஆகி, வால் இறகெல்லாம் புதிதாக முளைத்த பிறகும் கோடு நின்றால், அப்போது அதைப் பெண் என்று எழுதிக்கொள்ளலாம்.